சாலை மூடும் முன் அரிசி மலையேற வேண்டும்: ரிங்லெட்டின் அவசரக் கையிருப்பு எங்கே?

ரிங்லெட் - தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய மலைச்சாலையில் கேமரன் மலையின் முதல் பட்டணம் ரிங்லெட். இந்தச் சாலையில் தினமும் இரண்டு வகை லோரிகள் எதிரெதிரே போகின்றன. இறங்கும் லோரிகளில் முட்டைகோஸ், தக்காளி, கீரை, தேயிலை. ஏறும் லோரிகளில் அரிசி, மாவு, சமையல் எண்ணெய், சீனி, எரிவாயு தோம்பு, குழந்தைகளின் பால்மாவு, மருந்து, பெட்ரோல். தீபகற்பத்துக்கே காய்கறி கொடுக்கும் மலை, தன் சோற்றுக்குக் கீழேயிருந்து வரும் லோரியை நம்பி இருக்கிறது.

மலைக்கு வர மூன்று முக்கிய வழிகள் உள்ளன. தாப்பா சாலை ஒன்று. ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறி, லோஜிங் வழியாகக் குவா மூசாங் போகும் சாலை இரண்டாவது. பகாங்கின் உட்பகுதியான சுங்கை கோயானிலிருந்து ரிங்லெட்டுக்கு வரும் சாலை மூன்றாவது. மூன்றுமே மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலைகள். மண் சரிந்து ஒரு சாலை சில மணி நேரம் மூடப்படுவது இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. ஒரே மழையில் இரண்டு சாலைகள் ஒன்றாக மூடப்பட்டு, மூன்றாவதிலும் கனரக வாகனங்கள் வர முடியாமல் போனால், ரிங்லெட் கடைகளில் இருக்கும் சாமான் எத்தனை நாளைக்கு வரும்?

கோவிட் தொற்றுக்குப் பிறகு, அவசர காலத்துக்குத் தேவையான பொருள்களை முன்கூட்டியே சேர்த்து வைப்பது பற்றி உலக நாடுகள் எல்லாம் பேசுகின்றன. மலேசியாவிலும் திட்டங்கள் உண்டு. ஆனால் ஒரு நாட்டிடம் எவ்வளவு கையிருப்பு உள்ளது என்ற கணக்கு, ஒரு மலைப்பட்டணத்துக்குப் பாதிப் பதிலைத்தான் தரும். அது எங்கே இருக்கிறது, சாலை மூடினாலும் கைக்கு எட்டுமா என்பதே மீதிப் பாதி.

ரிங்லெட் பார்த்த இரவுகள்

இந்தக் கேள்வி கற்பனையில் பிறந்ததல்ல. 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கனமழையால் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் வேலியில் தூங்கிக்கொண்டிருந்த மக்களின் வீடுகளுக்குள் சேற்று வெள்ளம் புகுந்தது. குறைந்தது மூன்று உயிர்கள் போயின. ஏறக்குறைய 80 வீடுகளும் 100 வாகனங்களும் சேதமடைந்தன. 1963இல் நிறைவடைந்த நீர்மின் திட்டத்தின் அணை அது. மேலே காடும் சரிவும் வெட்டப்பட்ட இடங்களிலிருந்து பல்லாண்டுகளாக அடித்து வரப்பட்ட மண், ரிங்லெட் ஏரியில் தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓர் ஆண்டு கழித்து, 2014 நவம்பர் 5ஆம் தேதி ரிங்லெட், பெர்த்தாம் வேலி வட்டாரத்தில் மீண்டும் நிலச்சரிவும் சேற்று வெள்ளமும் வந்தன. மீண்டும் உயிர்கள் போயின. மலையின் மறுகோடியில், 2024 ஜனவரி 26ஆம் தேதி விடியற்காலையில் கம்போங் ராஜா அருகே புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் மாண்டனர்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான பாடம் உண்டு. பேரிடர் இரவிலும் வரலாம். முதலில் வந்து கை கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை, அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

அரசாங்கத்திடம் இருப்பது என்ன?

பேரிடர் நிர்வாகத்துக்கு மலேசியாவில் நீண்ட நாளாகவே ஒரு கட்டமைப்பு உண்டு. 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் வெளியிட்ட 20ஆவது உத்தரவு, மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என மூன்று நிலைகளில் பேரிடர் குழுக்களை அமைத்தது. 2014 டிசம்பர் பெருவெள்ளம் அந்தக் கட்டமைப்பைச் சோதித்தது. கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கோலக்கிராய் போன்ற ஊர்கள் துண்டிக்கப்பட்டன. நிவாரண மையங்களிலேயே உணவும் தண்ணீரும் போதவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2015 அக்டோபர் 1ஆம் தேதி தேசிய பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா உருவானது.

நிவாரண மையங்களில் உணவு, பாய், போர்வை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது சமூகநல இலாகா. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, துண்டிக்கப்படக்கூடிய இடங்களுக்குப் பக்கத்திலேயே உணவுப்பொருளைச் சேர்த்து வைக்கும் முறை அதனிடம் உண்டு. மலாயில் 'பங்காலான் ஹாடாப்பான்' என்கிறார்கள். முன்னணிக் கிடங்கு என்று சொல்லலாம். மிகச் சரியான யோசனை இது. வெள்ளம் வந்த பிறகு லோரி அனுப்புவதைவிட, வருவதற்கு முன் அரிசியை அங்கே வைத்துவிடுவது மலிவானது, உறுதியானது.

நாட்டின் அரிசிக் கையிருப்பைப் பராமரிக்கும் பொறுப்பு பெர்னாஸ் நிறுவனத்திடம் உள்ளது. அரசாங்க நெல் அரிசி வாரியமாக இருந்த அமைப்பு 1994இல் நிறுவனமாக்கப்பட்டு, 1996இல் தனியார்மயமானது. இறக்குமதி அரிசிக்கான அதன் தனி உரிமை 2031வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பொருள் விநியோகத்தைக் கட்டுப்படுத்த 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டமும் கையில் உண்டு.

ஆக, சட்டம் இருக்கிறது, நிறுவனம் இருக்கிறது, கிடங்கும் இருக்கிறது. இவை அனைத்தையும் கேமரன் மலையின் கண்ணோட்டத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு ஓட்டைகள் தெரிகின்றன.

ஓட்டை ஒன்று: நாள்காட்டி

நாட்டின் வெள்ளத் தயார்நிலை கிழக்குக்கரையின் நாள்காட்டியைப் பின்பற்றுகிறது. நவம்பரில் தொடங்கி மார்ச்வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் அதன் மையம். ஆலோசனைக் கூட்டங்கள், படகு சோதனை, உணவு நிரப்புதல் எல்லாம் அதை ஒட்டியே நடக்கின்றன.

கேமரன் மலையில் மழை உச்சம் தொடுவது வேறு மாதங்களில். இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் மற்றொன்று. 2013 வெள்ளம் வந்தது அக்டோபர் 23இல். 2014 நிலச்சரிவு வந்தது நவம்பர் 5இல். கிழக்குக்கரை தயாராகி முடிக்கும் முன்பே மலையில் ஆபத்து வந்துவிடுகிறது. கிளந்தானுக்குச் சரியான தேதி ரிங்லெட்டுக்குத் தாமதமான தேதி. இங்கே கையிருப்பு செப்டம்பர் முடிவதற்குள் நிரம்பியிருக்க வேண்டும். மார்ச் இறுதியில் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கப்பட வேண்டும்.

ஓட்டை இரண்டு: மாநில எல்லை

ரிங்லெட் பகாங் மாநிலத்தில் இருக்கிறது. மாநிலத் தலைநகரான குவாந்தான் தீபகற்பத்தின் மறுகரையில். ரிங்லெட்டுக்கு அன்றாடம் பொருள் வருவதோ தாப்பா, ஈப்போ பக்கமிருந்து. அதாவது பேராக் மாநிலத்திலிருந்து. சாதாரண நாளில் இந்த எல்லையை எந்த லோரியும் கவனிப்பதில்லை. பேரிடர் நாளில், உதவி கேட்கும் கடிதம் மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து மத்திய நிலைக்கும் போகும் வழியில் இந்த எல்லை பெரிதாகிவிடும்.

பருவமழை காலத்தில் பகாங்கின் சமவெளி ஆற்றோர ஊர்களும் மூழ்குவது வழக்கம். மாநிலத்தின் ஆள்பலமும் லோரிகளும் அங்கே போய்விட்டால் மலைக்கு என்ன மிஞ்சும்? ரிங்லெட்டுக்கான பொருளைத் தாப்பாவில் உள்ள கிடங்கிலிருந்தும் எடுக்கலாம், கோலா லிப்பிஸ் பக்கமிருந்தும் எடுக்கலாம் என்ற ஏற்பாடு, மழை வருவதற்கு முன்பே இரண்டு மாநிலங்களுக்கும் இடையில் எழுத்தில் இருப்பது அவசியம்.

ஓட்டை மூன்று: அரிசி மட்டும் போதாது

கையிருப்பு என்றதும் அரிசியும் மத்தி மீன் டின்னும் நினைவுக்கு வரும். மலையில் அதற்கு ஈடாக மருந்தும் முக்கியம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு நோய். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் மிக அதிகம். தோட்டத்து வீடுகளில் இது புள்ளிவிவரம் இல்லாமலே தெரிந்த விஷயம்.

இன்சுலின் மருந்தைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் கிளினிக்கின் குளிர்சாதனப் பெட்டிக்கு ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசலும் அதே மலைச்சாலையில்தான் வருகிறது. ஒரு பொருள் தடைபட்டால் மற்றது எப்படித் தடைபடும் என்பதற்கு இந்தச் சங்கிலி ஓர் உதாரணம்.

சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போக வேண்டியவர்கள், பிரசவ நாளை எதிர்பார்த்திருக்கும் தாய்மார்கள், ஆக்சிஜன் தேவைப்படும் முதியவர்கள் ஆகியோருக்கு வீட்டில் அரிசி மூட்டை இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மாவட்ட மருத்துவமனை இருப்பது தானா ராத்தாவில். ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையிலான சாலை ஓரிடத்தில் மண் விழுந்து அடைபட்டாலே ரிங்லெட் மருத்துவமனையை இழந்துவிடுகிறது. அத்தகைய நோயாளிகள் யார், எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் அவசரக் கையிருப்பின் ஒரு பகுதியே. மழை எச்சரிக்கை வந்ததும் அவர்களை முதலில் இறக்க வேண்டும்.

குடிநீர் அடுத்தது. சேற்று வெள்ளம் வந்தால் ஆறும் ஓடையும் கலங்கும். சுத்திகரிப்பு நிலையம் நின்றுபோகலாம். சுற்றிலும் தண்ணீர் ஓட, குடிக்கத் தண்ணீர் இல்லாத நிலை வரும். நீர்த்தொட்டி, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை, குழந்தைகளுக்குப் பால்மாவு, பெண்களுக்கு நாப்கின், டார்ச் லைட், பேட்டரி ஆகியவை பட்டியலில் இடம்பெற வேண்டும்.

ஓட்டை நான்கு: கணக்கில் யார்?

கேமரன் மலையில் 1929இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, சரிவுகளைத் திருத்தித் தேயிலை நட்டவர்களில் தமிழர்களின் பங்கு பெரிது. அவர்களின் பிள்ளைகளில் பலர் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள், அல்லது மலையை விட்டே இறங்கிவிட்டார்கள். இன்று தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் பங்களாதேஷ், இந்தோனேசியா, நேப்பாளம், மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள் நிறைந்திருக்கிறார்கள். சுற்றிலும் செமாய் பூர்வக்குடிக் கிராமங்கள் உள்ளன.

கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பது தலைக்கணக்கைப் பொறுத்தது. வாக்காளர் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டால் பண்ணைக் கொட்டகையில் தங்கியிருப்பவர் விடுபட்டுப்போவார். வேலை பெர்மிட் இல்லாதவர் நிவாரண மையத்துக்கு வரவே பயப்படுவார். புளூ வேலியில் மாண்ட ஐவரும் வெளிநாட்டவர்கள் என்பதை மறக்கக்கூடாது. மண் சரியும்போது அடையாள அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. வந்தவர்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கானால், உள்ளூர்க்காரரின் தட்டிலும் சோறு குறையும். எல்லாரையும் எண்ணுவது இரக்கத்துக்காக மட்டுமன்றி, கணக்கு சரியாக வரவும் தேவைப்படுகிறது.

பதுக்கலும் கையிருப்பும்

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாடு முழுவதும் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. ரொட்டி, மாவு, முகக்கவசம் எல்லாம் அலமாரிகளில் காலியாகின. அதே நாள்களில் கேமரன் மலையில் நேர்மாறான காட்சி. சந்தைகள் மூடப்பட்டு, லோரிகள் ஓட முடியாமல், விவசாயிகள் பறித்த காய்கறிகளைக் கொட்டி அழித்தார்கள். ஓரிடத்தில் பற்றாக்குறை, ஓரிடத்தில் குப்பை. பொருள் நாட்டில் இல்லாமல் போகவில்லை, இருந்த இடத்திலிருந்து வேண்டிய இடத்துக்குப் போக வழி இல்லாமல் போனது.

2023இல் பாடம் வேறு. ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1இல் இறக்குமதி அரிசியின் விலையை பெர்னாஸ் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. உடனே எல்லாரும் 10 கிலோ 26 வெள்ளி என விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசிக்குப் பாய, அது கடைகளில் காணாமல் போனது. தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், எங்கோ எடுக்கப்பட்ட ஒரு முடிவு ரிங்லெட் மளிகைக்கடை வரை வந்து தொட்டது.

இப்படிப்பட்ட நேரங்களில் "பதுக்காதீர்கள்" என்ற அறிவுரை வருகிறது. நியாயமான அறிவுரைதான். ஆனால் பதட்டத்தில் வாங்கிக் குவிப்பது வேறு, நல்ல நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது வேறு. பின்னதைச் செய்ய யாரால் முடியும்? குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 வெள்ளியாகிவிட்டது. இருந்தும் நான்கைந்து பேர் கொண்ட வீட்டில், சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் இடையில் கடைக் கணக்கில் வாங்கித்தான் மாதம் ஓடுகிறது. இரண்டு வாரத்துக்கான சாமானை அதிகமாக வாங்கி வை என்று அத்தகைய குடும்பத்திடம் சொல்வது எளிது. செய்வது கடினம். வசதியுள்ளவர் வீட்டில் கையிருப்பு வைத்துக்கொள்வார். வசதியில்லாதவருக்கு அரசாங்கக் கிடங்குதான் கையிருப்பு.

இன்னொரு புதிய சிக்கலும் உண்டு. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு மைகாட் வழியாக 100 வெள்ளி அடிப்படை உதவி வழங்கப்பட்டது. பதிவு பெற்ற கடைகளில் அரிசி, எண்ணெய் வாங்க அது பலருக்கும் உதவியது. ஆனால் மைகாட் வேலை செய்ய மின்சாரமும் இணையமும் தேவை. மலையில் மின்கம்பமும் தொலைத்தொடர்புக் கோபுரமும் சாய்ந்த நாளில், அட்டையில் பணம் இருந்தும் ஒரு கிலோ அரிசி வாங்க முடியாது. அவசர காலத்தில் கடைக்காரர் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர் அரசிடம் பணம் பெறும் ஒரு மாற்று வழி இருக்க வேண்டும்.

அரிசியை எண்ணத் தெரிந்த அரசு

தோட்டத்து மூத்தவர்களுக்கு அரிசிக் கணக்கு புதிதல்ல. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதை இன்றும் குடும்பங்களில் பேசப்படுகிறது. அதன்பின் 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று, 1950இன் பிரிக்ஸ் திட்டத்தைத் தொடர்ந்து உணவுக் கட்டுப்பாடு இறுகியது. அரிசி பங்கீடு செய்யப்பட்டது. வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை வந்தது. டின் உணவைக் கடையிலேயே துளை போட்டுக் கொடுத்தார்கள், சேர்த்து வைக்க முடியாமல் இருப்பதற்காக. சில இடங்களில் அரிசியை மொத்தமாகச் சமைத்துச் சோறாகவே வழங்கினார்கள்.

அந்தக் கசப்பான காலம் ஒன்றைக் காட்டியது. ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை பேர், அவர்களுக்கு வாரம் எவ்வளவு அரிசி என்று எண்ணிக் கணக்கு வைக்க அன்றைய நிர்வாகத்தால் முடிந்தது. கணினி இல்லாத காலத்தில், அரிசியைத் தடுப்பதற்காக அதைச் செய்தார்கள். இன்று அரிசி கொடுப்பதற்காக அதே கணக்கைச் செய்ய முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

வெளிநாடுகள் சொல்வது

பக்கத்து நாடான சிங்கப்பூர், அரிசி விளைவிக்காத நாடு. அங்கே வெள்ளை அரிசி இறக்குமதி செய்பவர்கள், இரண்டு மாத இறக்குமதிக்கு ஈடான அளவை எப்போதும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அரிசி வியாபாரிக்கே சொந்தம். பழையதை விற்றுப் புதியதை வைத்துக்கொண்டே இருப்பதால் கெட்டுப்போவதில்லை. அவசர காலத்தில் அரசு அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஃபின்லாந்து 1993இல் தேசிய அவசர விநியோக நிறுவனம் ஒன்றை அமைத்துத் தானியம், எரிபொருள், மருத்துவப் பொருள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துள்ளது. 2020இல் ஐரோப்பா முகக்கவசத்துக்குத் தவித்தபோது அது தன் கிடங்கைத் திறந்தது. அதே நிறுவனம் அவசரத்தில் புதிதாக வாங்கிய முகக்கவசங்கள் மருத்துவமனைக்குத் தகுதியற்றவை என்று தெரியவந்ததும் அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. நல்ல நாளில் சேர்த்தது உதவியது, நெருக்கடியில் ஓடி வாங்கியது காலை வாரியது.

மனத்துக்கு மிக நெருக்கமான பாடம் இலங்கை மலையகத்திலிருந்து வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொட்டிய மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாலைகளும் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் தமிழர்களும் அதில் சிக்கினர். அதே பயிர், அதே சரிவு, அதே மாதிரியான லயங்கள். ரிங்லெட்டில் நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

செலவு எவ்வளவு?

ஒருவருக்கு நாளைக்கு 350 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், ஏழு நாளைக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. ஆயிரம் பேருக்கு இரண்டரை டன். கட்டுப்பாட்டு விலையில் 10 கிலோ 26 வெள்ளி என்றால் 6,500 வெள்ளி. ஐயாயிரம் பேருக்கு 32,500 வெள்ளி. பருப்பு, எண்ணெய், டின் மீன், பால்மாவு, தண்ணீர் சேர்த்துப் பல மடங்கானாலும், ஒரு சாலைச் சரிவைச் செப்பனிடும் செலவுக்கு முன் இது சிறு தொகையே. 2021 டிசம்பர் முதல் 2022 ஜனவரி வரையிலான வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. பணம் பெரிய தடை இல்லை. யார் பொறுப்பு, எங்கே வைப்பது, யார் சரிபார்ப்பது என்பவைதாம் தடைகள்.

எங்கே வைப்பது என்பதற்கு ஒரே பெரிய கிடங்கு சரியான பதிலாகாது. ரிங்லெட் பட்டணத்துக்கும் பெர்த்தாம் வேலிக்கும் இடையில் சாலை அடைபட்டாலும், தோட்டத்து உட்சாலையில் மரம் விழுந்தாலும், கிடங்கு இருந்தும் பயனில்லை. பட்டணம், பெர்த்தாம் வேலி, ஹாபு, தோட்டங்களின் உட்பகுதி எனப் பிரித்து வைக்க வேண்டும். அந்த இடங்கள் அணைக்குக் கீழே வெள்ளம் பாயும் வழியிலோ வெட்டிய சரிவின் அடியிலோ இருக்கக்கூடாது. பள்ளி, சமூக மண்டபம், கோயில் மண்டபம், தோட்டத்து ஸ்டோர் எல்லாம் இதற்குப் பயன்படும்.

மலையின் ஈரக்காற்றில் அரிசியும் மாவும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். அதற்குச் சிங்கப்பூர் முறையைச் சிறிய அளவில் இங்கே பின்பற்றலாம். ரிங்லெட்டின் மளிகைக்கடைகள் வழக்கமாக வைத்திருப்பதைவிடக் கூடுதலாக இரண்டு வாரச் சாமானை எப்போதும் வைத்திருக்கட்டும். அதற்காக முடங்கும் முதலுக்கும் இடத்துக்கும் அரசு ஒரு கட்டணம் கொடுக்கட்டும். பொருள் அன்றாட வியாபாரத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும், கெடாது. சிறு கடைகளுக்கும் வருமானம். மாவட்ட அதிகாரி கையெழுத்திட்ட அன்று அது நிவாரணப் பொருளாக மாறும்.

இதில் ஆபத்துகளும் உண்டு. பொருள் காணாமல் போகலாம், கெடு முடிந்து கிடக்கலாம், கட்சிக்காரர்கள் தங்கள் படம் ஒட்டிய பையில் போட்டுத் தங்கள் ஆதரவாளர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். இவற்றைத் தடுக்க எளிய வழி, கணக்கை வெளியே வைப்பது. எந்த இடத்தில் எவ்வளவு உள்ளது, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, சாவி யாரிடம் என்ற விவரம் மாவட்ட அலுவலகப் பலகையிலும் தோட்ட ஆபீசிலும் ஒட்டப்பட்டிருந்தால் போதும். நடு இரவில் மண் சரிந்தால் சாவி வைத்திருப்பவர் தானா ராத்தாவில் தூங்கிக்கொண்டிருக்கக்கூடாது. அவர் ரிங்லெட்டில் இருக்க வேண்டும்.

அக்டோபருக்கு முன் கேட்க வேண்டியவை

குடும்பங்களும் தங்களால் ஆனதைச் செய்யலாம். மாதம் ஒரு கிலோ அரிசி, ஒரு டின் மீன் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துச் சமைத்து வந்தால், சில மாதங்களில் மூன்று நாளைக்கான இருப்பு சேர்ந்துவிடும். அடையாளப் பத்திரங்கள், மருந்துச் சீட்டு, டார்ச் லைட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மருந்து தீரும்வரை காத்திருக்காமல், ஒரு வாரம் கையில் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போய் வாங்கிவிடுவது நல்லது.

அதற்கு மேல் உள்ளது அரசாங்கத்தின் வேலை. அதைக் கேட்பது மக்களின் உரிமை. தோட்டத் தொழிற்சங்கக் கிளைகள், கோயில் நிர்வாகங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், கிராமத் தலைவர்கள் ஆகியோர் ஒன்றுசேர்ந்து மாவட்ட அலுவலகத்திடம் ஐந்து கேள்விகளை எழுத்தில் வைக்கலாம். ரிங்லெட் வட்டாரத்துக்கு இப்போது எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்கான உணவு எங்கே உள்ளது? இன்சுலினும் ஜெனரேட்டர் டீசலும் அதில் சேர்ந்திருக்கின்றனவா? தாப்பா சாலை மூடினால் பொருள் எந்த வழியாக, யார் உத்தரவில் வரும்? தோட்டத்தின் உள்ளே இருப்பவர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பூர்வக்குடியினரும் தலைக்கணக்கில் உண்டா? கடைசியாக இதையெல்லாம் சரிபார்த்த தேதி எது?

இவற்றுக்குத் தேதியோடும் எண்ணோடும் பதில் வந்தால் ரிங்லெட் மக்கள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம். பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்தின் நகலோடு சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சேவை மையத்துக்குப் போகலாம். மழைக்காலம் யாருக்காகவும் காத்திருக்காது. தாப்பா சாலையில் லோரிகள் இன்று தடையில்லாமல் ஏறிக்கொண்டிருக்கின்றன. சேர்த்து வைக்க ஏற்ற காலம் இதுதான்.